கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம்

வணக்கம். வயலில் அப்பாவைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. இப்போது தேறிவிட்டார். மருத்துவமனையில் ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் மேசைமேல் வைத்திருந்தார்கள். உறையவில்லை என்றதும் விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். தட்டணுக்கள் 2 லட்சம் இருந்தனவாம். அப்படியிருந்தும் ஏன் உறையவில்லை? இந்தக் காலத்திலும் இப்படியா சோதிப்பார்கள்?

எம்., செய்யாறு

அன்புள்ள எம்.,

மடை உடைந்தால் முதலில் போடும் மணல்மூட்டைதான் தட்டணு. 2 லட்சம் என்பது இயல்பான அளவு. ஆனால் மூட்டைகளை இறுக்கிப் பிடிக்கும் வலை, ஃபைப்ரின். அதற்கான மூலப்பொருள் ஃபைப்ரினோஜன், ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவில், 100 மி.லி.க்கு 200 முதல் 400 மில்லிகிராம் இருக்கும். அப்பாவுக்குத் தீர்ந்துபோனது அது.

விரியன் நஞ்சு ரத்தத்தை நீர்க்க வைக்கிறது என்பார்கள். தொடக்கத்தில் நடப்பது நேர்மாறு. ரத்தம் உறைய உதவும் புரதங்களுக்கு உறைவுக் காரணிகள் என்று பெயர்; அவற்றில் 5, 10ஆம் காரணிகளை நஞ்சு தூண்டிவிடுகிறது. ஃபைப்ரினோஜனை ஃபைப்ரினாக மாற்றும் த்ராம்பின் பெருகி, ரத்தக்குழாய்களுக்குள்ளேயே பொடிப்பொடியாக ஃபைப்ரின் உருவாகிக் கரைந்தபடி இருக்கும். சில மணி நேரத்தில் கையிருப்பு காலி. அதன்பின் ஈறில் கசிந்தால்கூட அடைக்கச் சரக்கில்லை. (இதே நஞ்சை நீர்க்கச் செய்து, ரத்தம் சரியாக உறையாத பிறவிக் குறையான ஹீமோஃபிலியா உள்ளவர்களின் ரத்தக்கசிவை நிறுத்தலாம் என்று 1934இல் மக்ஃபார்லேனும் பார்னெட்டும் எழுதினார்கள்.)

சோதனை பழையதுதான், மட்டமானதல்ல. கண்ணாடி பட்டதும் 12ஆம் காரணி விழித்துக்கொள்ளும். உறைதல் அங்கிருந்து தொடங்கும். பிளாஸ்டிக் குழாயில் அது சரிவர நடக்காது. சோப்புப் போட்டுக் கழுவிய குழாயும் ஆகாது: நல்ல ரத்தமே உறையாமல் நின்று, வேண்டாத மருந்து ஏறிவிடும். புதிய, உலர்ந்த குழாயில் 2 மி.லி. சிரை ரத்தம், 20 நிமிடம் யாரும் தொடக்கூடாது. நடுவில் எடுத்து ஆட்டிப் பார்ப்பதில்தான் பெரும்பாலும் கெடும். நேரம் முடிந்ததும் ஒரே முறை சாய்க்க வேண்டும். வழிந்தால் உறையவில்லை. குழாய்மேல் சந்தேகம் வந்தால், கூட வந்தவர் ஒருவரின் ரத்தத்தை அதேபோன்ற குழாயில் விட்டுப் பார்க்கலாம். லேபில் ரத்தம் உறைய ஆகும் நேரத்தை அளக்கும் பி.டி., ஐ.என்.ஆர். பார்ப்பது இன்னும் நுட்பம். லேசான பாதிப்பைக் குழாய் தவறவிடும். ஆனால் இரவு 2 மணிக்கு லேப் திறந்திருக்க வேண்டுமே.

நஞ்சு ஓடிக்கொண்டிருக்கும்போது வெறும் பிளாஸ்மா ஏற்றினால் அதையும் தின்று தீர்க்கும். முதலில் விஷமுறிவு மருந்து நஞ்சைக் கட்ட வேண்டும். பிறகு கல்லீரல் ஃபைப்ரினோஜனைப் புதிதாகச் செய்யும். போதிய அளவு சேர ஏறக்குறைய 6 மணி நேரம் ஆகும். அப்போது மறுபடி குழாய்ச் சோதனை. இன்னும் உறையவில்லையென்றால் நஞ்சு மிச்சமிருக்கிறது, மருந்தைத் திரும்ப ஏற்ற வேண்டும். அப்பாவுக்கும் 6 மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்திருந்தால், அது இதற்காகத்தான்.