நிமிர்ந்து நின்று சுட்டது ஏன்?

கேள்வி: நெப்போலியன் காலத்துப் போர் ஓவியங்களில் காலாட்படையினர் தோளோடு தோள் உரச, பளிச்சென்ற சீருடையில், எதிரிக்கு நேரெதிரே நிற்கிறார்கள். மரத்துக்கோ மேட்டுக்கோ பின்னால் மறைந்து சுட அவர்களுக்குத் தோன்றவே இல்லையா?

பதில்: தோன்றாமல் இல்லை. மறைந்து சுடுவதற்கென்றே தனிப் பிரிவுகள் இருந்தன. பச்சைச் சீருடையும், குழாயின் உட்புறம் சுழல் வரிகள் வெட்டிய பேக்கர் ரைஃபிளுமாக அலைந்த பிரிட்டனின் 95ஆம் ரெஜிமெண்ட் அவற்றில் பேர்பெற்றது. ஆனால் காலாட்படையில் பெரும்பாலோர் கையில் இருந்தது மஸ்கெட், அதாவது உட்புறம் வரிகளற்ற, வாய்வழியே கெட்டிக்கும் நீண்ட துப்பாக்கி. அந்தத் துப்பாக்கியின் குணம் தெரிந்தால்தான் அந்த வரிசையின் நியாயம் புரியும்.

பிரவுன் பெஸ் என்று அழைக்கப்பட்ட பிரிட்டிஷ் மஸ்கெட்டையே எடுத்துக்கொள்வோம். வழவழப்பான அதன் குழாயின் உள்விட்டம் ஏறத்தாழ 0.75 அங்குலம், அதில் போடும் ஈயக்குண்டோ சுமார் 0.69 அங்குலம்தான். நாலைந்து முறை சுட்டதும் குழாயில் கரிமருந்துக் கசடு படிந்துவிடும் என்பதால், அதன் பிறகும் குண்டு தடையின்றி உள்ளே இறங்கட்டும் என்றே இந்த இடைவெளியை விட்டார்கள். விளைவு, குண்டு குழாயின் சுவரில் மாறிமாறி மோதிக்கொண்டே வெளியேறும். எந்தப் பக்கம் விலகிப் போகும் என்பது சுட்டவனுக்கே தெரியாது. 100 மீட்டருக்கு அப்பால் நிற்கும் ஒரு தனி ஆளைக் குறிவைப்பது வீண்வேலை. ஆனால் 500 பேர் நெருங்கி நின்று ஒரே சமயத்தில் சுட்டால், எந்தக் குண்டு யாரைத் தாக்கும் என்று சொல்ல முடியாதே தவிர, எதிர் வரிசையில் பலர் விழுவார்கள் என்பது உறுதி.

அடுத்தது, மருந்து கெட்டிக்கும் முறை. வீரன் காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். சிறிதளவு மருந்தை, தீப்பொறி எழுப்பும் சக்கிமுக்கி விசையின் கிண்ணத்தில் இட்டு மூட வேண்டும். பிறகு துப்பாக்கியை நிமிர்த்தி, மீதி மருந்தையும் குண்டையும் வாய்வழியே போட்டு, கோலால் இடித்து இறுக்க வேண்டும். கோலை அதன் இடத்தில் செருக மறந்தவன் அடுத்த முறை வெறுங்கையோடு நிற்பான். நன்கு பழகியவனுக்கே இவ்வளவுக்கும் 15 முதல் 20 வினாடிகள் பிடிக்கும். இதைப் படுத்துக்கொண்டு செய்வது பெரும்பாடு. ஆகவே நிமிர்ந்து நின்றதை வீராப்பு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. பளிச்சென்ற சீருடைக்கும் காரணம் உண்டு: இரண்டு சுற்றுச் சுட்டதும் களம் முழுவதும் வெண்புகை மூடிவிடும், அந்தப் புகையில் தன் ஆள் யார், எதிரி யார் என்று நிறம்தான் காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: குதிரைப்படை பாய்ந்து வந்தால் அந்த வரிசை என்ன ஆகும்?

பதில்: சிதறிப்போகும். நாலுகால் பாய்ச்சலில் வரும் குதிரை 100 மீட்டரை ஏறக்குறைய 12 வினாடிகளில் கடந்துவிடும். மேலே சொன்ன 15 வினாடிகளோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒருமுறை சுடலாம், மறுமுறைக்கு நேரமில்லை. நீண்ட மெல்லிய வரிசையின் பக்கவாட்டிலோ பின்புறத்திலோ குதிரைகள் புகுந்துவிட்டால் ஒருமுறை சுடக்கூட வாய்ப்பில்லை.

இதற்கு மாற்றாக அமைந்ததுதான் சதுர வியூகம். வீரர்கள் நான்கு பக்கமும் வெளிநோக்கி நிற்பார்கள். முன்வரிசையினர் மண்டியிட்டு, துப்பாக்கியின் அடிக்கட்டையைத் தரையில் ஊன்றி, அதன் நுனியில் பொருத்திய பயனெட் கத்தியின் முனையைச் சாய்வாக நீட்டியிருக்க, பின்வரிசையினர் சுடுவார்கள். சதுரத்துக்குப் பக்கமும் இல்லை, முதுகும் இல்லை. எவ்வளவு பழக்கிய குதிரையானாலும் கத்தி வேலியின்மேல் பாயத் தயங்கி விலகிவிடும். 1815 ஜூன் 18 அன்று வாட்டர்லூவில் நெப்போலியனின் தளபதி மார்ஷல் நேயின் குதிரைப்படை திரும்பத் திரும்பப் பாய்ந்தும் அங்கே ஒரு சதுரம்கூட உடையவில்லை.

உடைந்த கதையும் உண்டு. 1812 ஜூலை 23 அன்று ஸ்பெயினின் கார்சியா எர்னாண்டஸில், பிரிட்டிஷ் தரப்பில் போரிட்ட ஜெர்மானியக் குதிரைப்படை ஒரு பிரெஞ்சுச் சதுரத்தைத் தாக்கியபோது, சுடப்பட்ட குதிரையொன்று ஓடிவந்த வேகத்திலேயே வரிசையின்மேல் சரிந்து விழுந்தது. உயிரோடிருந்தால் விலகிப் போயிருக்கும் குதிரை, சாகும் தறுவாயில் வழி திறந்துவிட்டது. மற்றவர்கள் அந்த இடைவெளியில் நுழைந்தார்கள்.

அப்படியானால் எப்போதும் சதுரமாகவே நிற்கக் கூடாதா என்றால், கூடாது. நெருக்கமாகத் திரண்ட கூட்டம் பீரங்கிக்கு நல்ல இலக்கு. அதோடு எந்தத் திசையிலும் கால்வாசித் துப்பாக்கிகள்தான் சுடும். வாட்டர்லூவில் லா ஹே செயிண்ட் பண்ணைக்கு அருகே சதுரமாக நின்ற பிரிட்டனின் 27ஆம் இன்னிஸ்கில்லிங் ரெஜிமெண்டில் பாதிக்கு மேற்பட்டோர் நின்ற இடத்திலேயே செத்தும் காயமுற்றும் விழுந்தார்கள். கலைந்தால் குதிரை, நின்றால் குண்டு. என் கணிப்பில் அக்காலத் தளபதியின் திறமை, எப்போது வரிசையைச் சதுரமாக்குவது, எப்போது சதுரத்தை விரிப்பது என்ற அந்த ஓரிரு நிமிடத் தீர்மானத்தில்தான் இருந்தது. 1811 மே 16 அன்று ஸ்பெயினின் அல்புவேராவில் கொட்டும் மழையில் பிரிட்டிஷ் அதிகாரி கோல்போர்னின் படையணி வரிசையாக நின்றபோது பிரெஞ்சுத் தரப்பின் போலந்து ஈட்டிக் குதிரைவீரர்கள் பக்கவாட்டில் பாய்ந்தார்கள். நான்கு ரெஜிமெண்டுகளில் மூன்று சின்னாபின்னமாயின. ஓரத்தில் இருந்த 31ஆம் ரெஜிமெண்ட் மட்டும் சதுரமாக மாற நேரம் கிடைத்துத் தப்பியது.

கேள்வி: பிரெஞ்சுப் படை வரிசையை விட்டு, குறுகிய முகப்போடு ஒருவர்பின் ஒருவராகத் திரண்ட திரளணியாக முன்னேறியது ஏன்?

பதில்: வேகத்துக்காக. புதிதாகச் சேர்ந்தவர்களை நீண்ட வரிசையில் கோணாமல் நடத்துவது கடினம். திரளாக நடத்துவது எளிது. குறை, கணக்கில் இருக்கிறது. 600 பேர் இரண்டு வரிசையாக நின்றால் 600 துப்பாக்கிகளும் சுடும். அதே 600 பேர் 60 பேர் முகப்போடு திரண்டு வந்தால், முதல் இரண்டு வரிசைகளின் 120 துப்பாக்கிகளே பயன்படும். கிட்டே போனதும் விரிந்து வரிசையாவதே பல வேளைகளில் அவர்கள் திட்டம். போர்ச்சுகலின் புசாகோவில் 1810இல் பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் தன் படையை மலைமுகட்டுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்ததால், எங்கே விரிவது என்று அவர்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

கேள்வி: இந்த முறை எப்போது முடிவுக்கு வந்தது?

பதில்: 1849இல் பிரெஞ்சு அதிகாரி மினியே உருவாக்கிய குண்டு, சுடும்போது அடிப்பகுதி விரிந்து ரைஃபிள் குழாயின் வரிகளைப் பற்றிக்கொண்டதால், ரைஃபிளையும் மஸ்கெட்டைப் போல விரைவாகக் கெட்டிக்க முடிந்தது, குறி தப்பாத தூரம் பல மடங்காகியது. அதைவிடப் பெரிய மாற்றம் 1866 ஜூலை 3 அன்று, பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் மோதிய கெனிக்ரேட்ஸ் போரில் தெரிந்தது. ஆஸ்திரியர்களின் ரைஃபிள் அதிக தூரம் சுடக்கூடியதுதான். ஆனாலும் அவர்கள் எழுந்து நின்று கோலால் இடித்துக்கொண்டிருந்தார்கள். பிரஷ்யர்களின் டிரைசே துப்பாக்கியில் தோட்டாவைப் பின்புறமாகச் செருகலாம். அவர்கள் படுத்துக்கொண்டே சுட்டார்கள்.