வாசகர் கேள்வி–பதில்: வளர்ச்சிப் பணிக்கு எங்கே படிப்பது?

கேள்வி: தாவரவியலில் இளநிலைப் பட்டம் பெற்ற நான், இரண்டு ஆண்டுகளாக ஒரு தொண்டு நிறுவனத்தில் சுய உதவிக் குழுக்களுடன் பணியாற்றி வருகிறேன். இங்கிலாந்தில் பன்னாட்டு வளர்ச்சி குறித்த முதுகலைப் படிப்பை ஓராண்டில் முடித்துவிடலாம் என்றும், முடித்தவுடன் ஐ.நா. அமைப்புகளில் வேலை கிடைக்கும் என்றும் ஒரு கல்வி ஆலோசகர் கூறுகிறார். வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்துக் கடன் பெற்றுத்தர அப்பா முன்வந்திருக்கிறார். சேரலாமா?
– வாசகி, வத்தலக்குண்டு

பதில்: பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும் என்று உங்கள் அப்பாவிடம் இன்றே சொல்லிவிடுங்கள். ஆலோசகர் கூறியதில் முதல் பாதி உண்மை. அங்கு முதுகலைப் படிப்பு பெரும்பாலும் ஓராண்டுதான். இரண்டாம் பாதிக்கு எந்த ஆதாரமும் இல்லை. ஐ.நா.வின் பன்னாட்டுப் பணிகளில் தொடக்க நிலையாகக் கருதப்படும் பி-2 பணியிடத்துக்கே பொதுவாக முதுகலைப் பட்டத்துடன் இரண்டாண்டு அனுபவமும் கேட்கிறார்கள். உங்களிடம் அந்த அனுபவம் இருந்தாலும், அது விண்ணப்பிக்கும் தகுதிதானே தவிர வேலைக்கு உறுதி அல்ல. இளநிலை அலுவலர் திட்டம் என்று ஒன்று உண்டு; ஆனால் அதற்குப் பணம் தரும் நாடுகள் பெரும்பாலும் தம் குடிமக்களையே அதில் அனுப்புகின்றன.

காலமும் சாதகமாக இல்லை. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவிகளை நிறுத்தி வைத்தது. அதே ஆண்டு ஜூலை 1 அன்று, அந்த உதவிகளை வழங்கிவந்த யு.எஸ்.எய்ட் தனி அமைப்பாக இயங்குவது முடிவுக்கு வந்தது. பிரிட்டன் தன் தேசிய வருமானத்தில் 0.5 விழுக்காடாக இருந்த உதவியை 2027க்குள் 0.3 விழுக்காடாகக் குறைப்பதாக அறிவித்துவிட்டது. இதனால் பத்து, பதினைந்து ஆண்டு அனுபவமுள்ளவர்கள் வேலை இழந்து, புதிதாகப் படித்து வருபவர்கள் விண்ணப்பிக்கும் அதே பணியிடங்களுக்கு இன்று போட்டியிடுகிறார்கள். கடனுக்கான வட்டியோ, வேலை கிடைக்கும்வரை காத்திருக்காது.

வெளிநாட்டில் படிக்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடன் வாங்கிப் போக வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகை கல்விக் கட்டணம், பயணம், தங்கும் செலவு ஆகியவற்றை ஏற்கிறது. அதற்குத் தகுதியாக அவர்கள் கேட்பது இரண்டாண்டுப் பணி அனுபவம். குழுக் கூட்டங்களில் நீங்கள் உட்கார்ந்த நாட்களையும், கடன் பேரேடு சரிபார்த்த நாட்களையும் உங்கள் வீட்டில் சாதாரணமாக நினைத்திருக்கலாம். அங்கே அவைதான் தகுதி. படிப்பு முடிந்ததும் இரண்டு ஆண்டுகள் தாய்நாட்டில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. இந்திய மாணவர்களுக்கு ஃபெலிக்ஸ், இன்லாக்ஸ் உதவித்தொகைகளும் இருக்கின்றன. எல்லாவற்றிலும் போட்டி கடுமை. ஒருமுறை கிடைக்காவிட்டால் மறுமுறை விண்ணப்பியுங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று, இந்தத் துறையின் அறிவு எங்கே விளைந்தது என்பது. இங்கிலாந்தின் சசெக்ஸில் 1966இல் தொடங்கப்பட்ட வளர்ச்சி ஆய்வு நிறுவனம் உலகப் புகழ் பெற்றது. மக்கள் பங்கேற்புடன் கிராமத்தை மதிப்பிடும் முறையை உலகெங்கும் பரப்பிய ராபர்ட் சேம்பர்ஸ் அதைச் சேர்ந்தவர்தான். ஆனால் அவர் 1970களில் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுடன் நம் வட ஆற்காடு மாவட்ட நெல் விவசாயிகளிடையே பணியாற்றியவர். அந்த முறை உருவெடுத்ததில் கர்நாடகத்தின் மைராடா போன்ற இந்திய அமைப்புகளின் களப்பணிக்குப் பெரும் பங்கு உண்டு. ஊர்ப் பொதுவிடத்தில் பெண்கள் கோலப்பொடியால் தங்கள் தெருவையும் கிணற்றையும் வரைந்து, எந்த வீட்டில் கோடையில் அடுப்பு எரியாது என்று புளியங்கொட்டை வைத்துக் காட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். லண்டன் வகுப்பறையில் படத்தில் காட்டப்படும் அந்தக் காட்சி, உங்களுக்கு ஒரு பேருந்துச் சீட்டின் விலையில் கிடைக்கிறது.

அதனால் உங்கள் மாவட்டத்திலேயே இருக்கும் காந்திகிராம கிராமிய நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தை முதலில் போய்ப் பாருங்கள். 1947இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கிய காந்திகிராமத்திலிருந்து வளர்ந்தது அது. மும்பையில் 1936இல் தொடங்கிய டாடா சமூக அறிவியல் நிறுவனம், வெண்மைப் புரட்சியின் தந்தை குரியன் 1979இல் குஜராத்தின் ஆனந்த் நகரில் நிறுவிய ஊரக மேலாண்மை நிறுவனம், பெங்களூரின் அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம், மதுரையில் தானம் அறக்கட்டளையுடன் இணைந்த டாடா–தான் அகாதெமி ஆகியவற்றையும் விசாரியுங்கள். உங்கள் தாவரவியலை விட்டுவிடாதீர்கள். மலையடிவார விவசாயம், காட்டு விளைபொருள், பருவநிலை மாற்றம் ஆகியவற்றில் செடியையும் தெரிந்து குழுவையும் தெரிந்த ஆட்கள் மிகக் குறைவு.

கேள்வி: எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முதலாண்டு படிக்கிறேன். இரண்டாம் ஆண்டில் மனிதவளத்தை எடுத்தால்தான் வேலை, சமூக மேம்பாட்டை எடுத்தால் வாழ்நாள் முழுவதும் பத்தாயிரம் சம்பளம் என்று வகுப்பில் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்குச் சமூக மேம்பாட்டில்தான் விருப்பம்.
– வாசகர், நாகர்கோவில்

பதில்: தொடக்கச் சம்பளம் குறைவு என்பதை நான் மறைக்க மாட்டேன். சில நிறுவனங்கள் சேவை என்ற சொல்லைக் காட்டி இளைஞர்களின் உழைப்பை மிகக் குறைந்த ஊதியத்துக்கு வாங்குவது எனக்கு வேதனை தருகிறது. பணி நியமன ஆணையும் வருங்கால வைப்பு நிதியும் கேட்பதற்கு நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. ஆனால் தொண்டு நிறுவனம் மட்டுமே வாசல் என்று நினைக்காதீர்கள். தருமபுரியில் 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கிய மகளிர் குழுக்கள் இன்று மாநிலம் முழுவதும் பரவியிருக்கின்றன. மகளிர் மேம்பாட்டு நிறுவனம், ஊரக வாழ்வாதாரத் திட்டங்கள் ஆகியவற்றில் ஒப்பந்த அடிப்படையிலாவது ஆட்கள் எடுக்கப்படுகிறார்கள். 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, அது குறிப்பிடும் அளவை எட்டிய நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அந்தப் பணத்தைத் திட்டமிடவும் கண்காணிக்கவும் ஆட்கள் தேவைப்படுகிறார்கள்.

கூடவே சட்டத்தையும் கணக்கையும் படியுங்கள். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020இல் செய்யப்பட்ட திருத்தம், வெளிநாட்டு நிதியில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைத்தது. ஒரு நிறுவனம் தான் பெற்ற அந்த நிதியை இன்னொரு நிறுவனத்துக்குப் பகிர்ந்தளிப்பதையும் தடை செய்தது. பெரிய அமைப்புகளை நம்பியிருந்த சிற்றூர்ச் சங்கங்களை இது கடுமையாகப் பாதித்தது. இன்று திட்ட முன்மொழிவு எழுதவும், வரவுசெலவுத் திட்டம் போடவும், கிடைத்த தரவை எக்செல் தாளில் ஒழுங்குபடுத்தி விளைவை மதிப்பிடவும் தெரிந்தவரை எந்த நிறுவனமும் எளிதில் விட்டுவிடாது. விருப்பமானதையே எடுங்கள்.

கேள்வி: எனக்கு 38 வயது. அரசுப் பள்ளி ஆசிரியை. வேலையை விடாமல் இந்தத் துறையில் முதுகலை படிக்க முடியுமா?
– வாசகி, திருவாரூர்

பதில்: முடியும். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் சமூகப்பணியிலும் ஊரக வளர்ச்சியிலும் தொலைநிலை முதுகலைப் படிப்புகளை நடத்துகிறது. சமூகப்பணிப் படிப்பில் களப்பணி கட்டாயம் என்பதால், உங்கள் விடுமுறை நாட்களைக் கணக்கிட்டுப் பார்த்துச் சேருங்கள். துறை அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே கட்டணம் செலுத்துங்கள்.