சமையலறைச் சுவரில் மரப் பலகை: உப்பியதற்கும் கருகியதற்கும் யார் பொறுப்பு?

கேள்வி: திருச்சியில் எங்கள் சொந்த வீட்டுக்கு மாடுலர் கிச்சன் வேலையை சென்னை இன்டீரியர் நிறுவனம் ஒன்றிடம் கொடுத்தோம். மொத்தம் 4 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய். அடுப்பு மேடையின் பின்சுவரில் டைல்ஸுக்குப் பதிலாக மரப் பலகை வேண்டும் என்று கேட்டது நான்தான். இணையத்தில் பார்த்த படத்தையும் அனுப்பினேன். கொட்டேஷனில் '710 கிரேடு பிளைவுட், தேக்கு வெனீர், பாலிஷ்' என்று எழுதியிருந்தார்கள். வேலை முடிந்து 14 மாதம் ஆகிறது. சிங்க் பக்கம் பலகை உப்பி, மேலே ஒட்டிய மெல்லிய மரத் தகடான வெனீர் உரிகிறது. அடுப்புக்குப் பின்னால் கருகியிருக்கிறது. போன் செய்தால், "நீங்க கேட்டதைத்தானே செஞ்சோம்? மர வேலைக்கு கேரண்டி இல்லைன்னு கொட்டேஷன்லயே இருக்கே" என்கிறார்கள். பாதிப் பணம் ரொக்கமாகக் கொடுத்தோம், பில் வாங்கவில்லை. போலீஸில் மோசடிப் புகார் கொடுக்கலாம் என்கிறார் கணவர். என்ன செய்யலாம்?

பதில்: கருகிய பலகைக்கு முன்னால் இருக்கும் பர்னரை இன்றிலிருந்து பற்ற வைக்காதீர்கள். அதே சமயம், ஆத்திரத்தில் பலகையைக் கழற்றி எறிந்துவிடவும் வேண்டாம். உங்கள் வழக்கின் முக்கியமான சாட்சி அதுதான்.

உங்கள் கடிதத்தில் இரண்டு சேதங்கள் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் எதிர்த்தரப்புக்குத்தான் லாபம்.

முதலில் உப்பிய பகுதி. பிளைவுட் வியாபாரத்தில் '710' என்றால் ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தரநிலைப்படியான, தண்ணீரைத் தாங்கும் மரைன் பிளைவுட். 72 மணி நேரம் கொதிக்கும் தண்ணீரில் போட்டாலும் ஒட்டு விடக்கூடாது என்பது அதற்கான சோதனை. அப்படிப்பட்ட பலகை சிங்க் ஓரத்துத் தண்ணீருக்கே 14 மாதத்தில் உப்புகிறது என்றால், சொன்ன சரக்கைப் போட்டார்களா என்று கேட்காமல் இருக்க முடியாது. விலை குறைந்த, ஈரப்பதத்தை மட்டும் ஓரளவு தாங்கும் எம்.ஆர். கிரேடைப் போட்டுவிட்டு 710 விலையை வாங்குவது இந்தத் தொழிலில் புதிதல்ல. வேலை முடிந்தபோது மிஞ்சிய துண்டுகளைப் பரணிலோ மாடியிலோ போட்டு வைத்திருக்கிறீர்களா, தேடிப் பாருங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை, தரநிலை எண், 'சி.எம்./எல்.' என்று தொடங்கும் உரிம எண் ஆகியவை பலகையின் மேல் அச்சாகியிருக்கும். அந்த எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.-இன் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டால், உரிமம் யாருடையது, நடப்பில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். சுவரில் இருப்பதில் வெனீர் முத்திரையை மூடியிருக்கும் என்பதால் மிச்சத் துண்டுக்கு அவ்வளவு மதிப்பு.

அடுத்து, கருகிய பகுதி. இங்கே கவனம் தேவை. 710 என்பது தண்ணீரைத் தாங்குவதற்கான தரம், நெருப்பைத் தாங்குவதற்கானது அல்ல. தீயைத் தாமதப்படுத்தும் பிளைவுட்டுக்குத் தனித் தரநிலை, ஐ.எஸ். 5509, இருக்கிறது. அசல் 710-ஐயே போட்டிருந்தாலும் பர்னருக்கு ஒட்டினாற்போல இருந்தால் கருகத்தான் செய்யும். ஆகவே இந்தச் சேதத்துக்கு 'மட்டமான பலகை' என்று வாதாடாதீர்கள். 'ஏன் எச்சரிக்கவில்லை' என்று கேளுங்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(11)-இல், சேவைக் குறைபாடு என்பதற்குள் கவனக்குறைவையும், தேவையான தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் சேர்த்திருக்கிறது. நீங்கள் ஆசைப்பட்டுக் கேட்டது உண்மைதான். ஆனால் எந்தச் சுவரில் மரம் அடிக்கலாம், அடுப்புக்குப் பின்னால் மட்டுமாவது கண்ணாடியோ டைல்ஸோ ஸ்டீல் தகடோ வேண்டும் என்பது தொழில் தெரிந்தவர் சொல்ல வேண்டியது. சொல்லியும் நீங்கள் பிடிவாதமாக இருந்தீர்கள் என்றால் கதை வேறு. வாட்ஸ்அப் உரையாடலை முதலிலிருந்து ஒருமுறை படியுங்கள். "மேடம், அங்கே மரம் வேண்டாம்" என்று எங்காவது ஒரு வரி இருந்தால், இந்தப் பாதியை விட்டுவிட்டு உப்பிய பாதியை மட்டும் பிடித்துக்கொள்வேன்.

'கேரண்டி இல்லை' என்ற வரிக்கு அவ்வளவு பயப்பட வேண்டாம். ஒன்றைச் சொல்லி வேறொன்றைப் போடுவதற்கு அந்த வரி அனுமதி ஆகாது. அதை 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று தனியாகத் தாக்கலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். அந்தக் கோரிக்கைக்கு மாநில நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டியிருக்கும். உங்களுக்கு அது தேவையில்லாத அலைச்சல்.

பில் இல்லாததும் வழக்கைக் கொன்றுவிடாது. மீதிப் பணம் ஜிபே போன்ற வழியில் போயிருந்தால் அது வங்கிக் கணக்கில் இருக்கும். ரொக்கத்துக்கு, "அமவுண்ட் வந்தது" என்பது போன்ற ஒரு செய்தி கிடைத்தாலும் போதும். செய்திகளை அழிக்காதீர்கள், போனை மாற்றாதீர்கள். அவற்றைத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாட்சிய சட்டம், பிரிவு 63-இன் கீழ் மின்னணுப் பதிவுகளுக்கான சான்றிதழும் இணைத்துவிடுவது நல்லது.

போலீஸ் விஷயத்தில் உங்கள் கணவரோடு நான் உடன்படவில்லை. பெரும்பாலும் புகார் வந்ததற்கு அடையாளமாக சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கொடுத்து, "இது சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்க" என்பார்கள். அந்த அலைச்சலில் மாதங்கள் ஓடும், உங்களுக்கோ கெடு இருக்கிறது. நுகர்வோர் புகாருக்குப் பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு. நீங்கள் போன் செய்வதும் அவர்கள் "ஆள் அனுப்புறோம்" என்பதும் அந்தக் கெடுவை நீட்டிக்காது. பாதுகாப்பாக, வேலை முடிந்த நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். அப்படியானால் கையில் இருப்பது 10 மாதம்.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். சம்பந்தமில்லாத ஒரு சிவில் இன்ஜினியரை அழைத்து வந்து, அளவோடும் படத்தோடும் அறிக்கை வாங்குங்கள். பிறகு நிறுவனத்துக்கு நோட்டீஸ்: 15 நாளுக்குள் வந்து பார்வையிடலாம், வராவிட்டால் பாதுகாப்புக்காகக் கருகிய பகுதியைக் கழற்றுவோம் என்று தெளிவாக எழுதுங்கள். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, மின்னஞ்சலிலும் ஒரு பிரதி. கெடு முடிந்ததும் வீடியோ எடுத்தபடி அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, பத்திரமாக வையுங்கள். உப்பிய பகுதி சுவரிலேயே இருக்கட்டும். ஆய்வகச் சோதனை தேவை என்று ஆணையம் கருதினால் அதிலிருந்து மாதிரி எடுக்கலாம். கட்டணம் உங்கள் தலையில்தான் முதலில் விழும்.

நிறுவனம் சென்னையில் இருக்கிறதே என்று கவலைப்படாதீர்கள். புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம் என்கிறது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 34, ஆகவே திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும். கொடுத்த தொகை 5 லட்சத்தைத் தாண்டாததால் கட்டணம் கிடையாது. இணையவழியிலும் தாக்கல் செய்யலாம், வக்கீல் கட்டாயமில்லை. (வக்கீலான நானே சொல்கிறேன்.)

எவ்வளவு கேட்பது என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். 4 லட்சத்து 60 ஆயிரத்தையும் திருப்பிக் கேட்காதீர்கள்; நன்றாக இருக்கும் அலமாரிகளுக்கான பணத்தை எந்த ஆணையமும் தராது. பின்சுவர் வேலைக்கான தொகை, கழற்றி மாற்றும் செலவு, இன்ஜினியர் கட்டணம், மன உளைச்சலுக்கு நியாயமான ஒரு தொகை, வழக்குச் செலவு என்று கணக்குப் போட்டுக் கேளுங்கள். அலமாரிகளும் அதே பலகைதானா என்று ஒரு மூலையில் பார்த்துவிடுங்கள். அங்கேயும் 710 இல்லையென்றால் தொகை தானாக உயரும்.

நோட்டீஸ் கிடைத்ததும் "மேடம், வந்து மாத்திக் கொடுத்துடுறோம்" என்று அவர்களே இறங்கி வர வாய்ப்பு அதிகம். வந்தால் மறுக்க வேண்டாம். என்ன பொருள், எந்தத் தேதிக்குள், யார் செலவு என்பதை எழுத்தில் வாங்குங்கள். 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற தாளை நீட்டினால், வேலை முழுதாக முடிந்து நீங்கள் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.