சரவர் மூவர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

விழுப்புரத்தில் ஒரு அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். வயது 46. எட்டு மாதமாகக் கல்வெட்டு வாசிக்கப் பழகி வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு சுற்றுவட்டாரக் கோயில்களுக்குப் போவேன். அதிட்டானத்தில், அதாவது கோயிலின் அடித்தளக் கட்டில், இருப்பதைப் படம் பிடித்து வந்து, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் எழுத்தெழுத்தாக நோட்டில் பெயர்த்து எழுதுவேன். அன்றைக்கு எது புரிந்தது, எது புரியவில்லை என்பதையும் பக்கத்திலேயே குறித்து வைப்பேன். இப்போது இரண்டாவது நோட்டு ஓடுகிறது.

நான் இருக்கும் ஆர்வலர் குழுவில் நானூறு பேர் போல இருக்கிறார்கள். எல்லாரும் வாராவாரம் தங்கள் பயிற்சிக் குறிப்பைக் குழுவில் போட வேண்டும் என்று இப்போது சொல்கிறார்கள். சிலர் அழகாகப் போடுகிறார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கிறது. என் நோட்டில் பாதிக்கு மேல் தப்புதான். நண்பர் ஒருவர், “கஷ்டப்பட்டு எழுதினதை ஊருக்குச் சும்மா ஏன் கொடுக்கிறே, எவனாவது தன் பேரில் போட்டுக்குவான்” என்கிறார். என் மனைவி, “நீங்களே அந்த நோட்டைத் திருப்பிப் பார்க்கறதில்ல, ஊர் பார்க்கப் போகுதா” என்கிறாள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பி.கு.: ஒரு கல்லில் ‘யாண்டு அவது’ என்று இருக்கிறது. ‘ஆவது’ என்று இருக்க வேண்டியதைக் கல்தச்சர் தப்பாக வெட்டிவிட்டார் என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். சரிதானா?

அன்புடன்,
ஒரு வாசகர், விழுப்புரம்

*

அன்புள்ள நண்பருக்கு,

பின்குறிப்புக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் என் கதை.

கல்வெட்டு பழக ஆரம்பித்த நான்காவது மாதம் ஒரு சோழர் காலக் கோயிலின் வடக்குச் சுவரில் ஒரு விளக்குக் கொடையைப் படித்தேன். படித்தேன் என்றுதான் அன்றைக்கு நினைத்துக்கொண்டிருந்தேன். என் நோட்டில் ‘சரவர் மூவர் பெராடு தொண்ணூறு’ என்று இருந்தது. ‘பெராடு’ மட்டும் புரியவில்லை, அதை ஏதோ ஒரு ஆட்டு வகை என்று வைத்துக்கொண்டேன். மற்றதெல்லாம் தெளிவாகத் தெரிந்தது. சரவர் என்று மூன்று பேர் சேர்ந்து தொண்ணூறு ஆடு கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சரவர் யார் என்று ஒன்றரைப் பக்கம் ஆராய்ச்சி வேறு செய்தேன். மேய்ச்சல் தொழில் செய்த ஒரு கூட்டமாக இருக்கலாம் என்று முடித்து, படத்தோடு குழுவில் போட்டேன்.

கல்லில் இருந்தது ‘சாவா மூவாப் பேராடு’. உங்களுக்குத் தெரிந்திருக்கும், அந்தக் கால எழுத்தில் துணைக்காலுக்கும் (ா) ரகரத்துக்கும் ஒரே உருவம்தான். புள்ளி பெரும்பாலும் வைக்க மாட்டார்கள். எகர ஏகாரத்துக்கு வேறுபாடு கிடையாது. சொல்லுக்குச் சொல் இடைவெளியும் விட மாட்டார்கள். அப்படியிருந்தால் ‘சாவாமூவா’ என்பதை ‘சரவரமூவர’ என்றும் படிக்கலாம். மனதுக்குள் இரண்டு புள்ளி வைத்துவிட்டால் சரவர் மூவர் பிறந்துவிடுவார்கள். அவர்களைப் பெற்றவன் நான்.

மறுநாள் குழுவில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இரண்டே வரி எழுதினார். “தம்பி, காலை ரகரம் என்று எடுத்துக்கொண்டீர்கள். அது சாகாத, கிழடாகாத ஆடு.” அப்புறம் தொலைபேசியில் அழைத்து விளக்கினார். கோயிலில் ஒரு நொந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, எரிக்கத் தொண்ணூறோ தொண்ணூற்றாறோ ஆட்டை ஒரு இடையரிடம் ஒப்படைப்பார்கள். அவர் சந்திராதித்தவல், அதாவது சந்திரனும் சூரியனும் உள்ளவரை, நாள்தோறும் ஒரு உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு சாகும், குட்டி போடும். ஆனால் கணக்கில் எண்ணிக்கை குறையக் கூடாது. அதனால் அந்த மந்தைக்குச் சாவும் இல்லை, மூப்பும் இல்லை. கணக்கு எழுதுகிற உங்களுக்கு இது சட்டென்று பிடிபடும். தேய்மானமே இல்லாத சொத்து! இதை எந்தப் புத்தகத்திலும் படித்திருக்கலாம். ஆனால் சரவர் மூவரை நானே பெற்றுப் பறிகொடுத்ததால்தான் இன்றுவரை கால் எது, ரகரம் எது என்று ஒவ்வொரு இடத்திலும் நின்று பார்க்கிறேன்.

ஆகவே பகிரலாம் என்பதுதான் என் பதில். அதற்குக் காரணம் ஊருக்கு அறிவு கொடுப்பது அல்ல. அதை அறிஞர்கள் செய்துவிட்டார்கள். தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளில் முதலாவதை ஜெர்மன் அறிஞர் ஹுல்ட்ஸ் 1890ல் வெளியிட்டார். அதற்குப் பிறகு ஆயிரக்கணக்கான கல்வெட்டுகள் அச்சாகியிருக்கின்றன. ஆனால் அச்சில் இருப்பது படித்து முடித்த பாடம். புள்ளி வைத்து, குறில் நெடில் பிரித்து, சந்தேகமான எழுத்தை அடைப்புக்குறிக்குள் போட்டுத் தருகிறார்கள். அந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பது அதில் இருக்காது. ஹுல்ட்ஸின் கண் எங்கே வழுக்கியது என்று நமக்குத் தெரியாது. புதிதாகப் பழகுகிறவருக்கு வேண்டியது அந்த வழுக்கல்தான். அதைக் காட்டக்கூடியவர் நேற்று வழுக்கி விழுந்த இன்னொரு புதியவர். பேராசிரியருக்கு அது மறந்தே போயிருக்கும்.

உங்கள் நோட்டில் பாதிக்கு மேல் தப்பு என்றீர்கள். நல்லது, சரக்கு இருக்கிறது.

ஆனால் என் கதை அந்தத் தொலைபேசி அழைப்போடு முடியவில்லை. நான் திருத்தம் போடுவதற்குள் என் பதிவு மூன்று நான்கு குழுக்களைத் தாண்டியிருந்தது. என் ‘இருக்கலாம்’ எல்லாம் உதிர்ந்து, ‘ஆயிரம் ஆண்டுக்கு முன்பே எங்கள் முன்னோர் கொடுத்த கொடை’ என்று யாரோ ஒருவரின் சாதிப் பெருமையாக அது திரும்பி வந்தது. ஆதாரம் என்று என் நோட்டுப் பக்கத்தின் படம், என் கையெழுத்தோடு. “சரவர் இன்ன சமூகத்தின் பிரிவுதானே சார்?” என்று ஆறு மாதம் கழித்துக்கூட ஒருவர் கேட்டார். தப்பு போன வேகத்தில் திருத்தம் போகவில்லை. அதில் யாருக்கும் பெருமை இல்லையே, அது வெறும் ஆடு.

சதுரங்கமோ ஓவியமோ பழகுகிறவர் தன் பயிற்சி நோட்டைப் பொதுவில் வைத்தால் கேலி செய்வார்கள், அவ்வளவுதான். நம்முடைய பொழுதுபோக்கு அப்படி இல்லை. இங்கே ஒரு எழுத்துப்பிழை நாளைக்கு இரண்டு ஊருக்கு நடுவே வழக்காகலாம். கோயில் நிலம், முதல் மரியாதை, சாதிப் பெயர் என்று கல்லில் இருப்பதெல்லாம் இன்றைக்கும் சூடாறாத விஷயங்கள்.

அதற்கு அப்புறம் நானாக ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். தப்பு என்று தெரிந்துவிட்ட பக்கங்களை மட்டும்தான் பொதுவில் போடுவேன். கேட்க விசித்திரமாக இருக்கும். பக்கத்தின் மேலேயே திருத்தம் இருக்கும், கீழே நான் முதலில் எப்படிப் படித்தேன், ஏன் அப்படிப் படித்தேன் என்பது. இன்னும் சந்தேகத்தில் இருக்கும் பக்கத்தைப் போட மாட்டேன். அதில் உள்ள ஒரு எழுத்தை மட்டும் வெட்டி எடுத்து, விஷயம் தெரிந்த இரண்டு மூன்று பேரிடம் “மூன்றாம் வரி, ஐந்தாவது எழுத்து, என்ன தெரிகிறது?” என்று கேட்பேன். நான் என்ன படித்தேன் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் அவர்கள் கண்ணுக்கும் அதுவே தெரிய ஆரம்பித்துவிடும்.

வாராவாரம் போட வேண்டும் என்ற ஏற்பாடு எனக்குப் பிடிக்கவில்லை. நானும் அந்த வெறியில் இரண்டு மாதம் இருந்தேன். தினம் ஒரு பக்கம். “அருமை சார்”, “தொடருங்கள் சார்” என்று வரும். கொஞ்ச நாளில் ஒன்றைக் கவனித்தேன், நான் போகும் கோயில்களே மாறிவிட்டிருந்தன. ராஜராஜன் காலத்துக் கல்லாகப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தேன். எழுத்து அச்சு வார்த்த மாதிரி இருக்கும், படத்தில் நன்றாக விழும், ‘திருமகள் போல’ என்று தொடங்கினால் மன்னர் புகழ் பாடும் மெய்க்கீர்த்தி பாதி மனப்பாடம். பொரிந்துபோன, பாதி சுண்ணாம்பு அடித்த, மூன்று ஞாயிறு போனாலும் நாலு வரிகூடத் தேறாத கற்களை விட்டுவிட்டேன். படிக்கக் கற்றுக்கொடுப்பது அந்தக் கற்கள்தான். பார்க்க ஆள் இருக்கிறது என்று தெரிந்ததும் நோட்டு மெல்ல மெல்ல ஆல்பமாகிவிட்டது.

அதனால் ஒரு நோட்டாவது யார் கண்ணிலும் படாமல் இருக்கட்டும். அசட்டுத்தனமாக யோசிக்க மனுஷனுக்கு ஒரு இடம் வேண்டும்.

உங்கள் நண்பர் சொன்ன திருட்டுப் பயத்துக்கு வருவோம். நம் நோட்டில் திருடுவதற்கு என்ன இருக்கிறது? யாராவது என் சரவர் மூவரைத் தன் பெயரில் போட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். எனக்கு உள்ள பயம் வேறு, நாம் மற்றவருடையதைப் போட்டுவிடுவோமோ என்பது. வகுப்பில் ஆசிரியர் இன்னும் அச்சில் வராத மைப்படியை (கல்லின் மேல் தாளை ஒற்றி மையில் எடுத்த படியை) காட்டியிருப்பார், ஒரு புதிய வாசிப்பைச் சொல்லியிருப்பார். அது உங்கள் நோட்டில் உங்கள் கையெழுத்தில் இருந்தாலும் உங்களுடையது ஆகாது. அந்தப் பக்கங்களை அவரைக் கேட்காமல் வெளியே விடாதீர்கள்.

இடத்தைப் பற்றியும் கவனம் வேண்டும். கோயில் சுவரில் உள்ள கல்வெட்டு என்றால் பரவாயில்லை, ஊரறிந்தது. வயலிலோ காட்டோரத்திலோ தனியாக நிற்கும் கல் என்றால், சரியான இடத்தை எழுதவே எழுதாதீர்கள். எழுத்து வெட்டிய கல்லுக்கு அடியில் புதையல் இருக்கும் என்ற நம்பிக்கை நம்மூரில் இன்னும் சாகவில்லை. முதலில் தொல்லியல் துறைக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் தெரிவியுங்கள். செங்கம், தருமபுரிப் பக்கம் நடுகற்கள் பலவற்றை ஊர்க்காரர்கள் வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். அங்கே நீங்கள் படம் எடுப்பது அவர்களுடைய சாமியை. கேட்டுக்கொண்டு எடுங்கள். அப்புறம், எழுத்து பளிச்சென்று தெரிய வேண்டும் என்று சாக்குத்தூள், மாவு என்று எதையும் கல்லில் பூசாதீர்கள். சாய்ந்த வெயிலில், இல்லாவிட்டால் இருட்டிய பிறகு பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தாலே போதும், தேய்ந்த எழுத்தும் எழுந்து நிற்கும். குழுவில் நாலு பேர் பார்க்க வேண்டும் என்பதற்காகக் கல்லுக்குப் பவுடர் போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரமாக வரும்.

தப்பை வெளியே சொல்வதில் கூச்சம் என்கிறீர்கள். ஐராவதம் மகாதேவன் தொழில்முறைக் கல்வெட்டாளர் அல்ல, ஐ.ஏ.எஸ். அதிகாரி. வேலைக்கு நடுவே குகை குகையாக ஏறி, தமிழின் மிகப் பழைய எழுத்தான தமிழ் பிராமியைப் படித்தவர். புகளூர்க் கல்வெட்டில் சேர மன்னர் பெயர்களை அவர் படித்தது 1965ல். அடுத்த வருடமே தமிழ் பிராமிக் கல்வெட்டுகளுக்கு ஒரு தொகுப்பு கொண்டுவந்தார். அத்தோடு நின்றிருக்கலாம், பெயர் வந்துவிட்டதே. 1990களில், அறுபது வயதைத் தாண்டிய பிறகு, மறுபடி அதே குகைகளுக்குப் போய் ஒவ்வொரு கல்வெட்டையும் நேரில் பார்த்து எழுதி, தன்னுடைய பழைய வாசிப்புகளைத் தானே திருத்தி, 2003ல் பெரிய நூலாகக் கொண்டுவந்தார். அச்சேறிய தன் வாசிப்பையே அவர் கூசாமல் மாற்றினார். நமக்கு இருப்பதோ நாற்பது ரூபாய் நோட்டு.

இன்னொன்று, திருத்தும்போது பழையதை அழிக்காதீர்கள். ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் தேதி எழுதுங்கள். உங்கள் மண்டிக் கணக்கில் எப்படி அடித்துத் திருத்துவீர்களோ அப்படித்தான்.

உங்கள் வீட்டம்மா சொன்னதுதான் இந்தக் கடிதத்திலேயே முக்கியமான வரி. ஊர் பார்க்கிறதோ இல்லையோ, முதலில் நீங்கள் திருப்பிப் பாருங்கள். முதல் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், எட்டு மாதத்துக்கு முன் அதை எழுதிய ஆளைப் பார்த்துச் சிரிப்பு வரும். சிரிப்பு வரும் பக்கத்தில் ஒரு அடையாளம் வையுங்கள். குழுவில் போட வேண்டிய பக்கங்கள் அவைதான்.

இப்போது பின்குறிப்பு. படத்தைப் பார்க்காமல் சொல்கிறேன், அதனால் இதையும் சந்தேகத்தோடு எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ் எண்களை நீங்கள் இன்னும் தொடவில்லை என்று தோன்றுகிறது. ‘எட்டேகால் லட்சணமே’ என்று திட்டுவதைக் கேட்டிருப்பீர்கள். எட்டுக்குக் குறி அ, காலுக்குக் குறி வ, இரண்டும் சேர்ந்தால் அவலட்சணம். உங்கள் கல்லில் உள்ள அகரம் எழுத்து அல்ல, எண். யாண்டு ௮வது. ஏதோ ஒரு மன்னரின் எட்டாவது ஆட்சியாண்டு. கல்தச்சர் சரியாகத்தான் வெட்டியிருக்கிறார். போய் இன்னொரு முறை பார்த்துவிட்டு, நான் சொன்னது சரி என்றால் அந்தப் பக்கத்தை முதலில் போடுங்கள். தப்பு என்றால் எனக்கு எழுதுங்கள், என் நோட்டில் ஒரு பக்கம் சேரும்.

அன்புடன்.