நடிகரா, செவிலியரா?

மருத்துவமனைப் பிரச்சினை பற்றிய 30 விநாடி தேர்தல் விளம்பரத்தில் யாரைப் பேச வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். செவிலியரையே பேச வையுங்கள். நடிகர் பேசினால் அவர் முகம்தான் மனதில் நிற்கும், வேட்பாளர் பெயர் நிற்காது.

தேர்வுக்கு வரும் நாலைந்து பேரிடம் எழுதிய வசனத்தை நீட்டாதீர்கள். கைபேசியில் பதிவு செய்தபடி "வார்டில் என்ன குறை?" என்று மட்டும் கேளுங்கள். தன் சொந்தச் சொல்லில், நடந்ததை நடந்தபடி சொல்பவரே சரியான ஆள். அவர் சொன்னதையே 50 சொல்லுக்குள் சுருக்குங்கள். கூடினால் ஒப்பிப்பதுபோல் ஆகிவிடும்.

அவர் அரசு ஊழியரா என்று முதலிலேயே விசாரியுங்கள். பல நாடுகளில் பிரசாரத்தில் தோன்றினால் வேலைக்கே ஆபத்து, பாவம். அப்படியானால் ஓய்வுபெற்றவரைத் தேடுங்கள். பழைய சமூக ஊடகப் பதிவுகளையும் படித்துவிடுங்கள். எதிரணி தோண்டுவது அங்கேதான்.