கணினி கேள்வி–பதில்: பென் டிரைவ் ஏற்க மறுக்கும் பெரிய கோப்பு

கேள்வி: திருமண நிழற்படங்கள் அடங்கிய கோப்புறையை ஒரே ஜிப் கோப்பாக்கினேன், அது 22 ஜிபி அளவில் வந்தது. 32 ஜிபி பென் டிரைவ் காலியாக இருந்தும், கோப்பு மிகப் பெரியது என்று மறுக்கிறது. ஜிப் செய்தும் அளவு ஏன் குறையவில்லை? துண்டுகளாக்க வழி உண்டா?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: தங்கள் பென் டிரைவில் இருப்பது கோப்புகளைப் பதிந்து வைக்கும் ஃபேட்32 என்னும் பழைய அமைப்பாக இருக்க வேண்டும். அதில் ஒரு கோப்பின் அளவைக் குறிக்க 32 பிட் இடமே ஒதுக்கப்பட்டிருப்பதால், எவ்வளவு காலியிடம் இருந்தாலும், 4,29,49,67,295 பைட்டுக்கு, அதாவது 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவான அளவுக்கு, மேற்பட்ட தனிக் கோப்பை எழுத முடியாது. அளவு குறையாததற்குக் காரணம், ஜேபெக் வகை நிழற்படங்கள் கேமராவிலேயே சுருக்கப்பட்டு வருவதே. அவற்றை மீண்டும் சுருக்குவதால் நேரம்தான் வீணாகும்.

இலவச மென்பொருளான 7-ஜிப்பில் 'ஆட் டு ஆர்க்கைவ்' சாளரத்தைத் திறந்து, சுருக்கும் நிலையை 'ஸ்டோர்' (சுருக்காமல் அப்படியே சேர்ப்பது) என்று வைத்து, 'ஸ்ப்ளிட் டு வால்யூம்ஸ்' கட்டத்தில் '4092எம் - ஃபேட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 001, 002 என்று முடியும் பெயர்களில் ஆறு துண்டுகள் கிடைக்கும். பெறுபவர் அனைத்தையும் ஒரே கோப்புறையில் வைத்து, 001-ஐ மட்டும் திறந்தால் போதும். மற்றவற்றை மென்பொருளே தேடி எடுத்துக்கொள்ளும். பெயர்களை மட்டும் மாற்றிவிட வேண்டாம்.

ஆனால், இம்முறையை அனுப்பிவைப்பதற்கு மட்டுமே பரிந்துரைப்பேன், பாதுகாத்து வைப்பதற்கு அல்ல. இத்துண்டுகள் ஒரே கோப்பை நடுநடுவே வெட்டியவை என்பதால், ஒன்று தொலைந்தாலும் முழுத் தொகுப்பையும் ஒழுங்காகப் பிரிக்க இயலாது. வின்ரார் என்னும் சுருக்கும் மென்பொருளைப் பயன்படுத்துவோர் துண்டுகளுடன் மீட்புத் தொகுதி (ரெகவரி வால்யூம்) ஒன்றையும் உருவாக்கிக்கொண்டால், காணாமற்போன ஏதேனும் ஒரு துண்டை அதைக்கொண்டு மீட்கலாம். சேமித்து வைப்பதற்கு, நிச்சயதார்த்தம், முகூர்த்தம், வரவேற்பு என நிகழ்ச்சிவாரியாகத் தனித்தனி ஜிப் கோப்புகளை, ஒவ்வொன்றும் 4 ஜிபிக்குள் அடங்குமாறு அமைப்பதே மேல். ஒன்று பழுதானாலும் மற்றவை தனித்தனியே திறக்கும்.

உண்மையில், தங்கள் படங்கள் ஒவ்வொன்றும் சில எம்பி அளவே இருக்கும் என்பதால், ஜிப் செய்யாமல் கோப்புறையாகவே நகலெடுத்தாலும் பென் டிரைவ் ஏற்றுக்கொள்ளும். 4 ஜிபியைத் தாண்டும் வீடியோ இருந்தால் மட்டும், பென் டிரைவை, பெரிய கோப்புகளையும் ஏற்கும் எக்ஸ்ஃபேட் அமைப்புக்கு மாற்றுங்கள். அதிலுள்ளவை அழிந்துவிடும் என்பதால் முன்னதாக நகலெடுத்துக்கொள்ளவும். பழைய தொலைக்காட்சிகள் சில எக்ஸ்ஃபேட்டைப் படிப்பதில்லை என்பதையும் பெறுபவரிடம் சொல்லிவிடுங்கள்.