மன்னார்குடிக்கு விண்டர் டயர் வேண்டாம் சார்

வணக்கம் சார். ஜெர்மனியில் இருக்கும் உங்கள் அண்ணன் விண்டர் டயர் போடச் சொல்கிறார், ஐப்பசி மழைக்கு முன்னால் மன்னார்குடியில் அது தேவையா, கையில் இரண்டு டயருக்குத்தான் பணம் இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள்.

வேண்டாம். அவர் ஊருக்கு அது சரி. 7 டிகிரிக்குக் கீழே சாதா டயரின் ரப்பர் இறுகிப் பிடிமானம் குறையும். அதனால் அங்கே மிருதுவான ரப்பரில் செய்த விண்டர் டயர் போடுகிறார்கள். மார்கழிப் பனியிலும் நமக்கு அவ்வளவு குளிர் கிடையாது. சித்திரை வெயிலில் அது மளமளவென்று தேய்ந்துவிடும்.

நமக்கு எதிரி தண்ணீரும் களிமண்ணும்தான். குறுவை அறுவடையில் டிராக்டர் வயலிலிருந்து ஏறி ரோட்டில் அப்பிவிட்டுப் போகும் சேற்றில் ஒரு தூறல் விழுந்தால் போதும். வடுவூர் தாண்டி ஒரு வளைவில் என் வண்டியின் பின்பக்கம் வாய்க்காலை நோக்கி இழுத்தது. இறங்கிப் பார்த்தேன், பின் டயர் இரண்டும் வழவழவென்று இருந்தன. இன்றைக்கும் அந்த வளைவில் கை நடுங்கும்.

அதனால் புது டயர் இரண்டையும் பின்னால் போடுங்கள். கடையில் முன்னால்தான் என்பார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள். முன் டயர் வழுக்கினால் ஸ்டியரிங்கில் தெரியும், வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின் டயர் வழுக்கினால் வண்டியே சுற்றிவிடும். முன்னால் போகும் பழைய டயரில் பள்ளத்தின் ஆழம் 3 மில்லிமீட்டராவது இருக்கட்டும், 1.6 என்பது கடைசி எல்லை, மழைக்குப் போதாது.

வாங்கும்போது பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2325 என்றால் 2025-இன் 23-ஆவது வாரத்தில் செய்தது. பழைய சரக்கைத் தள்ளினால் வாங்காதீர்கள்.